வெறுங் குழாயில் தெரிந்த மேடு

ஒரு வேலையைச் சீக்கிரம் முடிப்பதற்காக, 1961ஆம் ஆண்டு அறுபத்துநான்கு காகிதச் சுருள்கள் இங்கிலாந்திலிருந்து மூன்று வாரம் கப்பலில் வந்து, கொழும்பில் ரயிலேறி, பதுளையில் இறங்கின. அவற்றைக் கொண்டுவந்தவர் சிவராசா. பதுளைக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்த சரவணமுத்துவின் மூத்த மகன். இங்கிலாந்தின் வடக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர், தகப்பனுக்கு நெஞ்சுவலி என்று கேள்விப்பட்டு வந்தார். மகன் வந்த மறுநாளே தகப்பன் எழுந்து கச்சேரிக்குப் போய்விட்டார். மகனுக்கு மட்டும் செய்வதற்கு ஒன்றுமில்லை. தகரப்பெட்டி நிறையச் சுருள்கள்தான் இருந்தன.

அந்தச் சுருள்களைப் படிக்க ஒரு ஆள் வேண்டும் என்றபோது சரவணமுத்துவுக்கு உடனே நினைவு வந்த பெயர் யேசுரத்தினம். தெமோதரைக்கு அருகே கல்லருவித் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலைக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், கிளார்க். மாதம் தவறாமல் தோட்டத்தின் மழைக் கணக்கைக் கச்சேரிக்கு அனுப்புபவர். பதினான்கு வருடமாக அந்தத் தாள்களில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. சரவணமுத்து அவரை நேரில் பார்த்தது இரண்டு தடவைதான். ஆனால் அந்த எட்டுகளையும் ஐந்துகளையும் பார்த்து அந்த மனிதரின் குணத்தையே முடிவுகட்டி வைத்திருந்தார். எழுத்தைப் பார்த்து ஆளை எடைபோடுவது கச்சேரிக்காரர்களின் வழக்கம். பாதி சமயம் அது சரியாகவும் இருந்துவிடும்.

யேசுரத்தினத்துக்கு அப்போது நாற்பத்துநான்கு வயது. அப்பா கொழுந்து பறிக்கும் ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்து, மலையில் பன்னிரண்டு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்து, ஒரு மழைநாளில் வடிகால் கானில் விழுந்து முழங்கால் போன பிறகு தொழிற்சாலைக் கந்தோருக்கு மாற்றப்பட்டவர். கணக்கப்பிள்ளையாக இருந்த காலத்தில் அவருக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. விடியற்காலைப் பெரட்டில் ஆட்களைக் கங்காணிவாரியாக வரிசையில் நிறுத்திப் பெயர் வாசிக்க வேண்டும். பிந்தி வந்தவர்களை லயத்து வீட்டுக்கே திருப்பி அனுப்பும் கணக்கப்பிள்ளைகள் இருந்தார்கள். இவர் அப்படிச் செய்யமாட்டார். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு மூச்சிரைக்க ஓடிவரும் ஒருத்தியைக் கண்டால், “அவள இழுத்து நிறுத்துங்க, அவ எடம் அதுதான்,” என்பார். அவள் வரிசையில் சேர்ந்த பிறகுதான் அவள் பெயரை வாசிப்பார். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர் பின்னால் செய்த பிழையும் இந்த நல்ல குணமும் ஒன்றுதான்.

முதல் நாள் கந்தோர் மேசையில் ஒரு சுருளை விரித்து வைத்துச் சிவராசா விளக்கினார். தேயிலைக் கொழுந்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள். கடுகளவுதான் கிடைத்தது. அதைக் கரைத்து மெல்லிய கண்ணாடிக் குழாயில் விட்டு, ஒரு பெரிய காந்தத்தின் நடுவில் நிறுத்தி, வானொலி அலையைச் செலுத்தினால், பொருளுக்குள் இருக்கும் அணுக்கருக்கள் தங்களுக்குரிய அலை வரும்போது பதில் சொல்லும். காந்தப் பரிவு என்று அதற்குப் பெயர். பதில் வரும் இடத்தில் பேனா முள் ஏறி இறங்கி ஒரு மேடு வரையும். எந்த இடத்தில் மேடு என்று தெரிந்தால் பொருளின் அமைப்பு தெரியும்.

“இதில மேட்டக் காணோமுங்களே சார்,” என்றார் யேசுரத்தினம். தொடக்கத்தில் ஒரு முனையைத் தவிர, சுருள் முழுவதும் நடுங்கும் கையால் இழுத்த கோடு மாதிரி இருந்தது.

“அதுதான் பிரச்சினை. பொருள் கொஞ்சம், பதிலும் கொஞ்சம். கருவியின்ரை இரைச்சல்தான் கூட. நீங்கள் பசறைச் சந்தைக்குப் போயிருப்பியள்தானே?”

“ஞாயித்துக்கெழம தவறாமப் போறது.”

“அங்கை ஒருத்தர் மெல்லமா உங்கட பேரைச் சொல்லிக் கூப்பிடுறார். கேக்காது. ஆனால் அவர் அதே இடத்திலை நிண்டு, அதே மாதிரி அறுபத்துநாலு தரம் கூப்பிடுறார் எண்டு வையுங்கோ. ஒவ்வொரு தரமும் சந்தைச் சத்தம் வேறை வேறை. அறுபத்துநாலையும் ஒண்டுக்கு மேலை ஒண்டாய் வைச்சுக் கூட்டினால், சத்தம் மேலையும் கீழையுமாய்த் தன்னைத்தானே அழிச்சுக்கொள்ளும். உங்கட பேர் மட்டும் மிஞ்சும்.”

யேசுரத்தினத்துக்கு விளங்கியது. அவருக்கு எப்போதும் சீக்கிரம் விளங்கும். பிற்பாடு நடந்ததற்கு அறியாமையைக் காரணம் காட்ட முடியாமல் போனதும் அதனால்தான்.

வேலை இதுதான். ஒவ்வொரு சுருளின் தொடக்கத்திலும் எல்லாச் சுருள்களுக்கும் பொதுவான ஒரு உயரமான முனை இருக்கும். வேண்டுமென்றே கலந்த வேறொரு பொருளின் முனை அது. காந்தம் சூட்டுக்கும் குளிருக்கும் கொஞ்சம் நகரும். அதனால் ஒவ்வொரு சுருளிலும் அந்த முனை சற்று முன்பின் விழும். அந்த முனையிலிருந்து அடிமட்டம் வைத்து அளந்து கோடுகள் போட்டு, இருநூறு கோடுகளிலும் உயரத்தைப் படித்து எழுத வேண்டும். பிறகு அறுபத்துநான்கு தாள்களையும் கோடு கோடாகக் கூட்ட வேண்டும். அந்த உயரமான முனைக்கு யேசுரத்தினம் வைத்த பெயர் கங்காணி. கங்காணியைப் பார்த்து மற்றவர்கள் நிற்க வேண்டும் என்று அர்த்தம்.

ஒரு மாலைக்கு ஒரு சுருள் முடிந்தது. மனைவி நேசராணி இரண்டு வாரம் பொறுத்தாள். மூன்றாவது வாரம், “என்னாங்க, அந்தப் பேப்பரு கொழுந்து விட்டுருச்சா?” என்று கேட்டாள். “தொர சம்பளம் குடுக்கிற வேலைக்கே நீங்க இந்தப் பாடு பட்டதில்ல.” அது உண்மை. சம்பளம் கொடுக்கும் வேலையில் யாரும் தங்களைச் ‘சார்’ என்று அழைக்கவைத்து, பிறகு இரண்டு வாரத்தில் ‘தம்பி’ என்று கூப்பிட அவருக்கு அனுமதி கொடுத்ததில்லை. சிவராசா அவரை ‘அண்ணை’ என்றார். கச்சேரித் தலைமைக் கிளார்க்கின் மகன், கங்காணியின் மகனை அண்ணை என்பதற்காக எத்தனை சுருளும் படிக்கலாம்.

இருபது சுருள் முடிந்திருந்தபோது தந்தி வந்தது. பேராசிரியர் செப்டம்பர் முதல் வாரம் சிவராசாவை அங்கே நிற்கச் சொன்னார். வேறொரு நாட்டில் வேறொரு கூட்டம் இதே பொருளைத் தேடுகிறதாம். கப்பல் பயணம் போகக் கையில் இருந்தது இரண்டு வாரம், படிக்க வேண்டியது நாற்பத்துநான்கு சுருள்.

“ஏலாது அண்ணை,” என்றார் சிவராசா. “ஏலுமானதைச் செய்யுங்கோ.”

யேசுரத்தினம் எட்டு நாளில் முடித்தார்.

எப்படி என்றால், மிகச் சுலபம். நேரத்தைத் தின்றது கங்காணி முனைதான். அதைத் தேட ஒவ்வொரு சுருளையும் முழுக்க விரிக்க வேண்டும், அளக்க வேண்டும். ஆனால் மேடு எங்கே வர வேண்டும் என்று சிவராசா ஏற்கெனவே சொல்லியிருந்தார்: நூற்றுப்பன்னிரண்டாவது கோட்டுக்குப் பக்கத்தில். ஆகவே யேசுரத்தினம் ஜன்னல் கண்ணாடியில் ஒரு சிவப்புக் கோடு போட்டார். சுருளின் அந்தப் பகுதியை மட்டும் கண்ணாடியில் ஒட்டி, அங்கே இருப்பதில் உயரமான புடைப்பைச் சிவப்புக் கோட்டுக்கு நேரே இழுத்து நிறுத்தினார். காந்தம் நகர்ந்ததால் மேடும் கொஞ்சம் பிந்தி வந்திருக்கும். அதை அதன் இடத்தில் நிறுத்திவிட்டுத்தானே பெயர் வாசிக்க வேண்டும்? இரு பக்கமும் நாற்பது கோடு படித்தால் போதும். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு நிமிடம்.

கூட்டிப் பார்த்தபோது நூற்றுப்பன்னிரண்டாவது கோட்டில் நமுனுகுல மலை மாதிரி ஒரு மேடு எழுந்து நின்றது.

சிவராசா அந்த வரைபடத்தை வெளிச்சத்தில் பிடித்து, மேட்டின் உச்சியில் விரலை வைத்தார். பிறகு, “எட்டு நாளிலையோ?” என்றார்.

“வழி கெடைச்சிருச்சு தம்பி.”

என்ன வழி என்று சிவராசா கேட்கவில்லை. அன்றைக்கே பதுளைத் தபால் கந்தோருக்குப் போய்ப் பேராசிரியருக்குத் தந்தி அடித்தார். கட்டுரையின் இறுதியில் யேசுரத்தினத்துக்கு நன்றி சொல்லி அவர் பெயர் அச்சாகும் என்றார். அன்று தோட்டத்திலிருந்து கிளம்பும்போது, “நேரம் இருந்தால் இதையும் படிச்சு வையுங்கோ,” என்று பத்திரிகைத் தாளில் சுற்றிய எட்டுச் சுருள்களைக் கொடுத்தார். பொருள் இல்லாமல், கரைக்கும் திரவம் மட்டும் இருந்த குழாயின் சுருள்கள். வெறுங் குழாய். ஒப்பிட்டுக் காட்டுவதற்கு. அதில் ஒன்றும் வராது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. சாப்பிட்டுவிட்டு யேசுரத்தினம் அந்த எட்டையும் ஜன்னலில் ஒட்டிப் படித்தார். ஒன்றரை மணி நேரம். கூட்டினார்.

நூற்றுப்பன்னிரண்டாவது கோட்டில் மேடு நின்றது.

சுருள்களை மாற்றி எடுத்துவிட்டோம் என்று நினைத்தார். எண்களைப் பார்த்தார், சரியாக இருந்தன. கூட்டலை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் சரிபார்த்தார். அதுவும் சரி. பிறகு எழுந்து, நொண்டிக்கொண்டே தொழிற்சாலைக்குப் போய், கொழுந்து வாட்டும் மாடியின் வெப்பக் கருவி வரைந்த பழைய தாள்களில் எட்டை அலுமாரியிலிருந்து எடுத்துவந்தார். ஜன்னலை மூடும்போதும் திறக்கும்போதும் வெப்பம் ஏறி இறங்கிய நெளிகோடு. தேயிலைப் பொருளுக்கும் காந்தத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவற்றையும் சிவப்புக் கோட்டில் இழுத்து நிறுத்திப் படித்தார்.

நேசராணி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். “மாடித் தாள ஏன் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?”

“இதுலயும் இருக்கு.”

“என்னா இருக்கு?”

“தம்பி தேடுற சாமான்.”

“அப்ப நல்லதுதானே. அதுக்கு ஏன் அந்தப் புள்ள சீமைக்குப் போவணும்? நம்ம மாடியிலயே இருக்கே.”

வேறொரு நாளாக இருந்தால் அவரும் சிரித்திருப்பார். அவர் அந்த மூன்றாவது வரைபடத்தைக் கவிழ்த்து வைத்தார். எந்தக் கோட்டைக் கொடுத்தாலும் அதில் உயரமான இடத்தைத் தேடிப் பிடித்து ஒரே இடத்தில் நிறுத்தினால், ஒரே இடத்தில் மேடு வரும். அது பொருளின் மேடு அல்ல, அவர் கையின் மேடு. பெரட்டில் பிந்தி வந்தவள் உண்மையிலேயே வந்திருந்தாள். இங்கே வந்திருக்கிறாளா என்று தெரியாமலேயே, கண்ணில் பட்டவளையெல்லாம் பிடித்து நிறுத்தி, அவள் பெயரை வாசித்திருக்கிறார்.

ஞாயிறு காலை பூசைக்கு முன், பாவத்தை அறிக்கையிட, அவர் கோயிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போனார். நடந்ததைப் பிற்பாடு அவரே சொன்னார். சாமியார் வயதானவர், கோவாக்காரர், இரக்கமுள்ளவர். காந்தப் பரிவு அவருடைய பாடத்தில் இல்லை.

“மற்றவர் பொருளை எடுத்தாயா, மகனே?”

“எடுக்கலைங்க சாமி. இல்லாத பொருள வச்சிட்டேன்.”

பத்துக் கற்பனைகளில், அதாவது கட்டளைகளில், எதன் கீழ் அது வரும் என்று சாமியாருக்குப் பிடிபடவில்லை. “யாருக்கு நஷ்டமோ அவரிடம் போய்ச் சொல்,” என்று, பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவைத்தார்.

சொல்வதற்கு அன்றைக்கே வசதி இருந்தது, அதுதான் கெடுதி. மாலை நான்கு மணிக்குத் தொழிற்சாலையில் சிவராசாவை வழியனுப்பத் தேநீர் விருந்து. ஏற்பாடு செய்தவர் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் மாணிக்கராஜ். கேக், வாழைப்பழம், பதுளையிலிருந்து வரவழைத்த ரோல்ஸ். சிவராசாவுக்கு மாலை. யேசுரத்தினத்துக்கும் மாலை. அவர் மகள் அகஸ்டினா புதுச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

“நம்ம யேசு அண்ணே இல்லேன்னா,” என்றார் மாணிக்கராஜ், “வெள்ளக்காரன் இன்னும் ரோலப் பிரிச்சு வச்சிக்கிட்டு வெரல எண்ணிக்கிட்டுத்தான் இருப்பான். மூணு மாச வேலைய எட்டு நாள்ல முடிச்ச கை இது. இந்தக் கைய மழைத்தண்ணி அளக்க வச்சிருந்தோம் பாருங்க, நம்மளச் சொல்லணும்.”

எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். அந்தக் கையில் ஒரு பவுண்டன் பேனா வைக்கப்பட்டது. யேசுரத்தினம் எழுந்து நின்றார். சிவராசாவைப் பார்த்தார். வாய் திறந்தார். “எல்லாருக்கும் நன்றிங்க,” என்று உட்கார்ந்தார். மாலையைக் கழற்ற வேண்டும் என்று கழுத்து அரித்தது. கழற்றினால் மரியாதையில்லை என்று கூட்டம் கலையும்வரை போட்டுக்கொண்டே இருந்தார். தன் வாழ்க்கையில் மழை எத்தனை அங்குலம் என்பதில்கூடப் பொய் எழுதாத ஒருவர், இரண்டு மணி நேரம் சாமந்தி மாலையோடு ஒரு பொய்க்குள் உட்கார்ந்திருந்தார்.

திங்கள் முழுவதும் கந்தோரில் இருந்தார். பதுளைக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம் கூட ஆகாது. அவர் போகவில்லை. கால் வலி என்று நேசராணியிடம் சொன்னார். அன்று கால் வலிக்கவில்லை.

செவ்வாய் காலை சிவராசா கொழும்பு ரயிலேறினார். யேசுரத்தினம் ஏழரை மணிக்கே தெமோதரை ஸ்டேசனில் வந்து நின்றார். பதுளையிலிருந்து வரும் ரயில் முதலில் ஸ்டேசனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைந்து, மலையைச் சுற்றி வளைந்து ஏறி, அதற்குப் பிறகுதான் மேடைக்கு வரும். காலுக்குக் கீழே ரயில் ஓடும் அதிர்வு கேட்டதிலிருந்து அது எதிரே வந்து நிற்பதற்கு ஏழெட்டு நிமிடம் இருக்கும். மனம் மாற அது தாராளமாகப் போதும். இரண்டு தடவை அவர் வெளி வாசல்வரை போய்த் திரும்பினார்.

சிவராசா ஜன்னலில் தலையை நீட்டினார். “அண்ணை, வழியனுப்பவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?”

யேசுரத்தினம் மடித்து வைத்திருந்த இரண்டு தாள்களை நீட்டினார். “வெறுங் கொழாயிலயும் அதே மேடு வந்திருச்சுங்க சார். ரெண்டாவது தாளு எங்க மாடித் தாளு. அதுலயும் வந்திருச்சு.”

‘தம்பி’ போய் ‘சார்’ வந்ததைச் சிவராசா முதலில் கவனித்திருக்க வேண்டும், முகம் மாறியது. தாள்களைப் பிரித்துப் பார்த்தார். படித்தவர், விளக்கம் தேவைப்படவில்லை.

“கங்காணி முனையை அளக்கேல்லையோ?”

“கடைசி நாப்பத்துநாலுக்கு அளக்கலைங்க. ஒசரமா இருந்தத இழுத்து நேரா வச்சேன். நேரம் மிச்சமாச்சு.”

“தந்தி அடிச்சாச்சு, அண்ணை.”

“தெரியுங்க. சனிக்கெழமயே எனக்குத் தெரியும். மாலைய வாங்கிட்டேன், வாய் வரல.”

கார்ட் கொடியை எடுத்துக்கொண்டு நடந்துவந்தார். சிவராசா தாளைப் பார்த்தபடியே பேசினார். “ஒரு சுருளுக்கு ஒண்டரை மணித்தியாலம் வேணும். நான்தான் கணக்குப் போட்டுத் தந்தனான். எட்டு நாளிலை முடிஞ்சது எண்டு சொன்னபோதே, என்ன வழி எண்டு நான் கேட்டிருக்க வேணும். கேக்கேல்லை. மேடு நான் சொன்ன இடத்திலையே நிண்டுது. அதுக்குப் பிறகு கேக்க மனம் வரேல்லை.”

யேசுரத்தினம் திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தார்; தனக்குப் பக்கத்தில் இன்னொருவர் வந்து நிற்பார் என்று எதிர்பார்க்கவில்லை. ரயில் ஊதியது. சிவராசா எழுந்து, இருக்கைக்கு அடியிலிருந்த தகரப்பெட்டியை இழுத்து, ஜன்னல் வழியாக அவரிடம் இறக்கினார்.

“திரும்பப் படியுங்கோ. ஒரு நாளைக்கு ஒண்டு. நான் அங்கை போய் அந்தத் தந்தியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுறன்.”

படித்தார். எழுபத்திரண்டு சுருள், வெறுங் குழாயையும் சேர்த்து. சரியாக எழுபத்திரண்டு மாலை, மழை பெய்தாலும் காய்ச்சல் வந்தாலும். முடிவில் வெறுங் குழாயில் ஒன்றுமில்லை; பொருள் இருந்த குழாயில் நூற்றெட்டாவது கோட்டுக்கருகே ஒரு சின்னப் புடைப்பு. இருக்கிறது என்றால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை. அதை வான்தபாலில் அனுப்பினார். சிவராசாவின் ஆய்வேட்டில் அது ‘இருக்கக்கூடும்’ என்று போனது. பட்டம் ஒரு வருடம் பிந்தியது. மற்ற நாட்டுக் கூட்டம் முந்திக்கொண்டது.

தன் பெயரைப் போட வேண்டாம் என்று யேசுரத்தினம் இரண்டு கடிதம் எழுதினார். போட்டுவிட்டார்கள். அச்சான பக்கம் வந்ததும் மாணிக்கராஜ் அதைச் சட்டம் போட்டுத் தொழிற்சாலையில் மாட்டினார். யேசுரத்தினம் அவரைத் தனியே கூப்பிட்டு, நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். மாணிக்கராஜ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பெரிய மனுசங்க இப்படித்தான் அண்ணே, தன்னத் தாழ்த்திப் பேசுவாங்க,” என்றார். அதற்கப்புறம் அவர் மறுக்க மறுக்க மதிப்பு கூடிக்கொண்டே போனது. கொஞ்ச காலத்தில் மறுப்பதையும் விட்டுவிட்டு, அந்தச் சட்டம் தொங்கும் பக்கமாகப் போகாமல் கொதிகலன் அறையைச் சுற்றிக்கொண்டு கந்தோருக்குப் போகப் பழகிக்கொண்டார். பேனா அகஸ்டினாவிடம் போனது. அவள் அதைக் கொண்டு கணக்கில் இரண்டு தடவை தவறினாள்.

1963இல் சிவராசாவிடமிருந்து கடிதம் வந்தது. ஆய்வுகூடத்துக்கு ஒரு புது இயந்திரம் வந்திருக்கிறதாம். சுருள் இல்லை, அடிமட்டம் இல்லை. கருவி சொல்வதை அதுவே வாங்கி, அதுவே கூட்டி, நூறு தடவையை ஒரு பகலில் முடித்து, மேட்டைத் திரையில் காட்டுகிறதாம். எந்த இடத்தைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் தொடங்குவது என்று மட்டும் மனிதர் சொல்லிக்கொடுக்க வேண்டும். ‘கங்காணி முனையைத்தான் காட்டியிருக்கிறோம், அண்ணை’ என்று எழுதியிருந்தார்.

யேசுரத்தினம் மூன்று நாள் கழித்து ஒரு தபாலட்டையில் பதில் எழுதினார். சுகம் விசாரித்து, தகப்பனாரைச் சந்தையில் பார்த்ததாகச் சொல்லி, கடைசியில் ஒரு வரி: ‘மெசினுக்கு வெறுங் குழாயைப் போட்டுப் பார்த்தீர்களா?’

ஆறு வாரத்தில் மறுபதில் வந்தது. அதில் சுகம் விசாரிப்பு ஒன்றும் இல்லை.

‘முதல் நாளே.’